என்ஜின் இறக்கிய சனிக்கிழமை

1

எங்கள் வீட்டுக் கராஜில் அந்தச் சிவப்புக் காரின் என்ஜினை இறக்கி இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடமும் என் மகள் இனியா தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய தாத்தா, என் மாமனார், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். காருக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள். ஃபோனில் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. எழுதினால் சரியாக வருமா என்பதும் சந்தேகம்தான். ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், அடிலெய்டின் வடக்குப் புறநகர் ஒன்றில். என் கணவர் குமார் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டவர். இங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறுகிறது என்று சரிபார்க்கிறார். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளே நுழையும்போது கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

கார் அடுத்த தெருக்காரருடையது. ஜப்பான் தயாரிப்பு, கூரையை மடக்கிவிடலாம், இரண்டே இருக்கை. இனியா பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முந்தையது. என்ஜின் சூடேறி இறுகிப்போய், மரத்தடியில் இலை மூடிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் அவர்.

"அதே என்ஜினத் தேட வேண்டாம் மீனா" என்றார் குமார். "மோதி நொறுங்குன பெரிய கார் ஒண்ணு பழைய இரும்பு யார்டுல கெடக்கு. என்ஜின்ல கீறல்கூட இல்ல. கொஞ்சம் வேல பாத்தா இதுல உக்காரும்."

"உக்காந்தா?"

"உக்காந்தா பறக்கும்."

"நாம மூணு பேரு. அதுல ரெண்டு சீட்டுதான் இருக்கு."

"ஒவ்வொருத்தரா பறப்போம்."

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்தே எனக்குப் பயம். கம்பியில் தொங்கும் என்ஜின், அதற்குக் கீழே ஆள், பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தை. பாத்திரம் கழுவும்போதுகூட இதுதான் கண்ணில் நிற்கும்.

2

ஒரு காரின் என்ஜினை இன்னொரு காரில் வைப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதிசயம் இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருந்த என் அப்பா, தன்னுடைய பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் என்ஜின் போட்டார். அன்றைக்கு வசதி இருந்தவர்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கார் நின்ற இடத்திலும் ஆடிக்கொண்டே இருக்கும். என்னைப் பெண் பார்த்து முடிந்ததும் மாமாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விட்டது அந்தக் கார்தான். இறங்கியவர் பானெட்டைத் தட்டி, "வண்டி நல்லாத்தான் இருமுது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போனது.

மாமா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். வடக்கே மலைப்பாதைகளில் பனியில் நின்றுபோன லாரியைத் தானே பிரித்துச் சேர்த்து ஓட்டி வந்திருக்கிறார். அத்தை போன பிறகு, பக்கத்து வீட்டில் இருக்கும் மகள் செல்வி மதினி சமைத்துத் தருவதைச் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்கு மதியம், அவருக்குக் காலை, வீடியோவில் கூப்பிடுவார். கார் வந்ததிலிருந்து எங்கள் நலம் விசாரிப்பதெல்லாம் சுருங்கிவிட்டது.

"ஏலே, கியர் பாக்ஸ் பழசா, அதுவும் மாத்துதியா?"

"பழசுதாம்ப்பா. நடுவுல ஒரு பிளேட் அடிச்சுச் சேக்கணும்."

"சேத்துட்டுச் சொல்லு. அம்புட்டுப் பெரிய என்ஜினுக்கு அது தாங்காது பாத்துக்க."

அப்பாவும் மகனும் பேச ஒரு விஷயம் கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தப் பேச்சின் கடைசியில் இனியா வருவாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் அந்தச் சனிக்கிழமைகளுக்குத்தான். "தாத்தா சாப்பிட்டீங்களா, மாத்திரை சாப்பிட்டீங்களா, என்ன மழை?" 'என்ன மழை' என்றால் மழை பெய்கிறதா என்று அர்த்தம். மாமா ஒருநாளும் திருத்தியதில்லை. "இன்னைக்கு வெயில் மழைத்தா" என்பார்.

இங்கே என்ஜினை மாற்றுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், முடித்த பிறகு ஒரு பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். விண்ணப்பத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்ற இடத்தில் குமார், 'ஓல்டு என்ஜின் எக்ஸ்பயர்டு' என்று எழுதினார். நம் ஊரில் பெரிய மனிதர் இறந்தால் நாம் மரியாதையாகச் சொல்லும் இங்கிலீஷ் அது. இங்கே பாலும் ரொட்டியும் வாகனப் பதிவும்தான் எக்ஸ்பயர் ஆகும். காரின் பதிவு காலாவதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அதற்கான வேறு விண்ணப்பத்தை அனுப்பிவைத்தார்கள். அதைத் தீர்க்க வாரக்கணக்கில் அலைந்தார். "செத்துப்போச்சுன்னு எழுதத் தெரியல, நீங்க என்ஜினியர்" என்று கேலி செய்தேன். சாவு என்ற சொல்லை வைத்து எங்கள் வீட்டில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

3

அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை. குமார் என்ஜின் தூக்கும் கருவி ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து பழைய என்ஜினை வெளியே எடுத்துக் கீழே வைத்தார். ஊரில் இதை என்ஜின் இறக்குவது என்போம். நம் பேச்சில் 'எறக்குறது'. முடித்ததும் இனியாவிடம் சொல்லியிருக்கிறார்: "தாயி, தாத்தா கூப்பிட்டா நீயே சொல்லிரு. அப்பா எறக்கிட்டாங்கன்னு. நாங் கை கழுவிட்டு வாரேன்." கை கழுவப் போகவில்லை. ஒரு கசிவைப் பார்த்துவிட்டு மறுபடி காருக்கு அடியில் போய்விட்டார்.

உள்ளே டேப்லெட் அடித்தது. அந்தப் பக்கம் நடந்ததைச் செல்வி மதினி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்.

"தாத்தா, அப்பா எறந்துட்டாங்க."

"என்னத்தா சொல்லுத?"

"அப்பா. எறந்துட்டாங்க. இப்பத்தான்."

"அப்பா எங்க இருக்கான்?"

"காருக்கு அடியில. கீழ படுத்திருக்காங்க. கறுப்பு கறுப்பா எண்ணெய், தரை ஃபுல்லா."

"அம்மா எங்க?"

"வேலைக்கு."

தாத்தா ஒன்றும் பேசாததால், நாங்கள் பழக்கிவைத்திருந்தபடி "ஓகே தாத்தா, பை" என்று சொல்லிவிட்டு மூடியிருக்கிறாள். பிறகு அப்பாவுக்கு உதவி செய்யக் கராஜுக்குப் போய்விட்டாள்.

குழந்தை ஏன் அந்த வார்த்தையைச் சொன்னாள் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். 'எறக்கிட்டாங்க' அவளுக்குப் புதிய சொல். 'எறந்துட்டாங்க' புதிதல்ல. தேவதானத்துப் பெரியப்பா எறந்துட்டாங்களாம், ஆலங்குளத்து அத்தை எறந்துட்டாங்களாம் என்று ஊரிலிருந்து எங்களுக்கு வருகிற ஃபோன்களில் அவள் அதிகம் கேட்டது அதைத்தான். காதில் தயாராக இருந்தது வாயில் வந்துவிட்டது.

குமாரின் கைப்பேசி சமையலறையில் சார்ஜில் கிடந்தது. என்னுடையது லாக்கரில். இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது திரை முழுக்கச் செல்வி மதினி. கூப்பிட்டேன்.

"மீனா, நீ போய்ப் பாத்தியா? ஒடம்பு இப்ப எங்க இருக்கு?"

"யாரோட ஒடம்பு மதினி?"

அங்கே பலர் அழுகிற சத்தம் கேட்டது.

"ஒனக்கு இன்னும் தெரியாதா? ஏட்டி, தம்பி போயிட்டாம்ட்டி. காருக்கு அடியில. ஒம் மகதான் சொன்னா."

நான் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. மாதக்கணக்காக நான் நினைத்துப் பயந்ததையே அவர் சொன்னார், அதனால் உடனே நம்பிவிட்டேன். மேற்பார்வையாளரிடம் வீட்டில் விபத்து என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். குமாருடைய எண்ணுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை புரியவில்லை. வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒழுங்காக நின்றேன். கணவன் செத்துக் கிடக்கும்போது ஒருத்தி சிக்னலுக்கு நிற்பாளா என்று நினைத்துக்கொண்டே நின்றேன். உடலை ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது, இனியா எவ்வளவு நேரமாக அங்கே தனியாக இருக்கிறாள், முதியோர் இல்லத்தில் மாத்திரை வண்டியைப் பூட்டிவிட்டு வந்தேனா என்று எல்லாம் வரிசையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தரையில் எண்ணெய். கால்கள் அசையவில்லை. பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து இனியா போல்ட்டுகளைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே நின்றேன். இடது கால் மெதுவாக வந்து வலது கணுக்காலைச் சொறிந்தது.

"மம், சீக்கிரம் வந்துட்டே" என்றாள் இனியா, இங்கிலீஷில்.

4

குமார் வீடியோவில் கூப்பிட்டபோது மாமா குரலை நம்பவில்லை. "மூஞ்சக் காட்டு" என்றார். எண்ணெய் அப்பியிருந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி" என்றார். பிறகு ஃபோன் சாய்ந்து கூரை மட்டும் தெரிந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம், இதயமும் முன்புபோல இல்லையாம். அதற்குள் துக்கத்துக்கு வருபவர்களுக்காகத் தெருவில் நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. திருப்பி அனுப்பினார்கள்.

பிழைத்த செய்தியும் ஊரெல்லாம் பரவியது. இருக்கிறவரை இறந்ததாகச் சொல்லிவிட்டால் ஆயுள் கூடும் என்று ஆறுதல் சொன்னார்கள். மதினி ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு மலையேறிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கேலி ஆரம்பித்தது. யார் கூப்பிட்டாலும் முதலில் இனியாவைத்தான் கேட்டார்கள்.

"ஏட்டி இனியா, இன்னைக்கு யாரு எறந்தா?"

"எங்க, அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லு, கேப்போம்."

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரு காலைப்பொழுது முழுவதும் உண்மையாகவே அழுதவர்கள். சிரித்துத்தான் அதிலிருந்து வெளியே வர முடியும். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? ஒரு தடவை ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கும்போது மதினி, "புள்ள சொன்ன ஒத்தச் சொல்லு பெரிய மனுசனப் படுக்க வச்சிருச்சு" என்றார். இனியா மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் படித்தவள் இல்லையா, அதனால் பாடம் நடத்தினேன். இறங்கு, இறக்கு என்று வெள்ளைப் பலகையில் எழுதி, "நாற்காலியிலிருந்து இறங்கு, பொம்மையை இறக்கு" என்றேன். சொன்னதையெல்லாம் செய்தாள். வாய் திறக்கவில்லை. விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் அப்படியே நின்றாள். அங்கே அனுப்புவதை நிறுத்திக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "அவள் பேச்சில் ஒரு குறையும் இல்லையே, வகுப்பில் அதிகம் பேசுவதே அவள்தான்" என்றார். அது உண்மைதான், இங்கிலீஷில்.

மாமா மட்டும் கேலி செய்யவில்லை. சனிக்கிழமை தவறாமல் கூப்பிட்டார். இனியா திரைக்கு முன்னால் வந்து கையை ஆட்டுவாள்.

"தாத்தான்னு சொல்லு" என்று குமார் பல்லைக் கடிப்பார்.

"ஏலே, அவள வெரட்டாத. மொகத்தக் காட்டுனா போதும்" என்பார் மாமா. அவள் போன பிறகு என்னிடம் மட்டும் மெதுவாக, "ஒரு வார்த்த பேசிட்டாள்னா எனக்கு நிம்மதியாயிரும்மா" என்பார்.

5

பெரிய என்ஜின் சிறிய காரில் உட்கார்ந்தது. அதைத் தாங்கும் இரும்புக் கைகளைக் குமார் வெட்டி ஒட்டினார். ரேடியேட்டரை மாற்றினார். ஒயர்கள் எது எதற்கு என்று பிரித்துச் சேர்ப்பதிலேயே குளிர்காலம் போனது. குமார் முன்போலச் சீட்டியடிக்கவில்லை. பாதியில் விட்டால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதற்காகவே செய்ததுபோல இருந்தது. இனியாவை அவர் கராஜுக்குள் விடவில்லை. அவளும் கேட்கவில்லை.

சோதிக்க வந்த பொறியாளர் அன்பானவர். வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆனால் பிரேக் பழைய என்ஜினுக்கு உரியது, இந்த வேகத்துக்குப் போதாது என்று சான்று தர மறுத்துவிட்டார். பிரேக்கை மாற்றிவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னார். எனக்கு உள்ளூர நிம்மதி. குமாரின் முகத்தைப் பார்த்ததும் அதற்காக வெட்கப்பட்டேன்.

ஒரு பள்ளிக்கூட நாள் காலையில் இனியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கோபமாகக் கேட்கக் கூடாது என்று நினைத்து, கதை கேட்பதுபோலக் கேட்டேன். அவள் சொன்னதெல்லாம் இங்கிலீஷில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"தாத்தாகிட்ட ஏன் பேச மாட்டேங்கறே?"

"நான் தப்பாகச் சொல்லிவிட்டால் தாத்தாவுக்கு மறுபடியும் உடம்பு சரியில்லாமல் போகும்."

"என்கிட்டயாவது பேசலாமே?"

"பழகிவிட்டால் மறந்துபோய் அவரிடமும் பேசிவிடுவேன்."

"இங்கிலீஷ்ல தப்பாச் சொன்னா?"

"அது தாத்தாவுக்குப் புரியாதே. ஒன்றும் ஆகாது."

கிட்டத்தட்ட ஒரு வருடமாக இந்தக் குழந்தை தாத்தாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை, வார்த்தையால் யாருக்கும் நோய் வராது என்று எனக்குத் தெரிந்த விதமெல்லாம் சொன்னேன். பெரியவர்கள் சொல்லும்போது தலையாட்ட வேண்டும் என்பதற்காகத் தலையாட்டினாள்.

அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. "அப்படியா நெனச்சுக்கிட்டிருக்கா" என்றார்.

6

போன மாதம் மாமாவுக்கு நெஞ்சு வலி அதிகமாகி மதுரையில் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள் அவரே கூப்பிட்டார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசிக் குழாய். "அவளக் கூப்பிடு" என்றார். இனியா வந்து வழக்கம்போலக் கையை ஆட்டினாள்.

"இனியா. குட் மார்னிங். திஸ் இஸ் தாத்தா ஸ்பீக்கிங்."

இனியா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ராணுவத்தில் மேலதிகாரிகளிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ். வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் பின்வாங்கினாள், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"யூ டாக் ராங், நோ ப்ராப்ளம்" என்றார் மாமா. "தாத்தா ஆல்சோ டாக் ராங். எவ்ரி டே ராங். லுக், தாத்தா ஓகே."

அவள் யோசித்தாள். "டாக்ஸ்" என்றாள் மெதுவாக. "தாத்தா டாக்ஸ் ராங்."

"எஸ் மேடம். டாக்ஸ். தேங்க்யூ. என்ஜின் ஃபிட்டிங் ஃபினிஷ்?"

பிறகு அவள் நிறுத்தவில்லை. என்ஜின் போடுகிற சத்தம், பக்கத்து வீட்டு நாய் அதைக் கண்டு ஓடியது, பிரேக் சரியில்லாமல் சான்று கிடைக்காதது, எல்லாவற்றையும் இங்கிலீஷில் கொட்டினாள். மாமாவுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. புரியாத இடங்களில் "வெரி குட், வெரி குட்" என்றார். தமிழை விட்டுக்கொடுத்து அவளை வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அது சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வைப்பதற்கு முன்னால் என்னிடம், "பேசிட்டாள்லா. பொறவு என்ன?" என்றார்.

மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை.

குமார் கொள்ளி வைக்க ஊருக்குப் பறந்தார். நானும் இனியாவும் இங்கே இருந்தோம். இனியாவிடம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் இங்கிலீஷில் சொன்னேன். அழவில்லை. "நான் அவரைத் திருத்தினேனே" என்றாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா என்று மறுபடி மறுபடி சொன்னேன். அதற்குப் பிறகு சில நாட்கள் எந்த மொழியிலும் அதிகம் பேசவில்லை.

குமார் இன்னும் வரவில்லை. அவர் கிளம்புவதற்கு முன்பே பிரேக்கை மாற்றி, பொறியாளரும் இரண்டாம் முறை பார்த்துவிட்டுப் போயிருந்தார். பொறியாளருடைய சான்று நேற்றுத் தபாலில் வந்தது. கார் இனி சாலையில் ஓடலாம். மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இனியா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் கவுன் ஒன்றை எடுத்து மடித்தாள்.

"அம்மா, இனிமே நான் தப்பாப் பேசலாமா?"

தமிழில் கேட்டாள். ஒரு பிழையும் இல்லை. விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஊரில் இனி அவள் காப்பாற்றுவதற்கு யாரும் இல்லை.

"பேசலாம்" என்றேன்.

"சரி" என்று அடுத்த துணியை எடுத்தாள்.

கூடாது என்று சொல்லவும் முடியாது. பேசலாம் என்று சொன்னதால், தன் தப்பான வார்த்தைதான் தாத்தாவுக்கு ஆபத்து என்று அவள் நினைத்தது சரி என்று ஆகிவிட்டதோ என்று இன்று காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.